கப்பல் சுற்றிப் போனால் ரொட்டி ஏன் விலை ஏறுகிறது?

கப்பல், துறைமுகம், ஏற்றுமதி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்தப் பகுதியில் பதில் எழுதி வருகிறேன். செங்கடலில் கப்பல்களைத் தாக்குகிற பிரச்சினை ஆரம்பித்ததிலிருந்து அது சம்பந்தமான கடிதங்கள் நிற்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் பதில் சொல்வதைவிட ஒரே இதழில் சேர்த்துப் போட்டால், ஒன்றோடு ஒன்று எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும் என்று நினைத்தேன். பெட்ரோல், டீசல், எரிவாயு பற்றிய கேள்விகளை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டேன். அதைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள்.

கேள்வி: செங்கடல் என்றாலே டிவியில் கச்சா எண்ணெய் விலையைத்தான் காட்டுகிறார்கள். அந்த வழியில் எண்ணெய் தவிர வேறு என்னதான் போகிறது? அது நின்றால் என்ன ஆகும்? வகுப்பில் பிள்ளைகள் கேட்டார்கள், எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. (ஒரு பள்ளி ஆசிரியை, கோவில்பட்டி)

பதில்: டீச்சர், பிள்ளைகளிடம் முதலில் வரைபடத்தைக் காட்டுங்கள். யேமனுக்கும் ஜிபூட்டிக்கும் நடுவே பாப் எல் மாண்டப் என்ற ஜலசந்தி இருக்கிறது. குறுகலான இடத்தில் அகலம் சுமார் 30 கிலோமீட்டர்தான். செங்கடலுக்குத் தெற்கு வாசல் அது, வடக்கு வாசல் சூயஸ் கால்வாய். தெற்கே நுழைய முடியவில்லை என்றால், கால்வாய் திறந்தே கிடந்தாலும் ஆசியாவிலிருந்து ஐரோப்பா போகிற கப்பலுக்குப் பயனில்லை. உலகக் கடல் வணிகத்தில் 12 முதல் 15 சதவீதம் வரை இந்த வழியாகத்தான் நடந்துகொண்டிருந்தது. துணி, தேயிலை, காபி, அரிசி, மருந்து மூலப்பொருள், கார் உதிரிபாகம், உரம், செல்போன், ஆடு மாடு என்று எல்லாம் அதில் அடக்கம்.

2023 நவம்பர் 19-ம் தேதி யேமனின் கிளர்ச்சிப் படையான ஹூதிகள் ஹெலிகாப்டரில் இறங்கி ‘கேலக்ஸி லீடர்’ என்ற கார் ஏற்றும் கப்பலைப் பிடித்தார்கள். அடுத்தடுத்து ஏவுகணை, ட்ரோன். டிசம்பர் நடுவில் மெர்ஸ்க், ஹபாக் லாய்டு போன்ற பெரிய கம்பெனிகள் அந்த வழியே வேண்டாம் என்று ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்ற ஆரம்பித்தன. சிங்கப்பூரிலிருந்து ராட்டர்டாமுக்கு சூயஸ் வழியே சுமார் 8,400 கடல் மைல். சுற்றிப் போனால் சுமார் 11,800. பத்து முதல் பதினான்கு நாள் கூடுதல்.

இந்தப் பதினான்கு நாளைப் பெரும்பாலானவர்கள் ‘கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே’ என்று நினைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கன்டெய்னர் கப்பல்கள் பஸ் மாதிரி ஒரே ரூட்டில் வாரம் ஒன்று புறப்படும். ஆசியாவில் கிளம்பி ஐரோப்பா போய்த் திரும்ப 12 வாரம் ஆகும் என்றால், வாரம் தவறாமல் ஒரு கப்பல் விட 12 கப்பல் வேண்டும். சுற்று 14 வாரமாக நீண்டால் அதே சேவைக்கு 14 கப்பல். சரக்கு ஒரு கிலோகூடக் கூடவில்லை, ஆனால் கப்பல் இரண்டு கூடுதலாகத் தேவைப்படுகிறது. கன்டெய்னர் பெட்டிக்கும் இதே கதிதான். கடலில் இருக்கிற நாள் கூடினால், காலிப் பெட்டி கரைக்குத் திரும்பி வருவது தள்ளிப்போகும். செங்கடலில் ஒரு கப்பலைக்கூட அனுப்பாத சீனா–பிரேசில் ரூட்டில்கூடப் பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்தால், ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

விலையைப் பாருங்கள். ட்ரூரி என்ற நிறுவனம் வாராவாரம் வெளியிடும் உலகக் கன்டெய்னர் கட்டணக் குறியீட்டில், 2023 நவம்பர் கடைசியில் 40 அடி பெட்டிக்கு 1,400 டாலர்கூட இல்லை. 2024 ஜூலையில் 5,900 டாலர் பக்கம் போனது. அந்த நாட்களில் கச்சா எண்ணெய் விலை இப்படி நாலு மடங்கெல்லாம் ஏறவில்லை. டிவியில் எண்ணெயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக நடக்காத மாதிரிதான் தெரிந்திருக்கும்.

கேள்வி: பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன். சின்ன யூனிட்தான். எங்கள் ஆர்டர் எல்லாம் எஃப்ஓபி. கப்பல் கூலி முழுக்க வாங்குபவர் பாடு. அப்படியிருக்க, கூலி ஏறியதில் எனக்கு எப்படி நஷ்டம் வந்தது என்றே புரியவில்லை. ஆடிட்டர் கணக்கில் காட்டுகிறார், மனசு ஏற்க மாட்டேன் என்கிறது. (ஒரு வாசகர், திருப்பூர்)

பதில்: உங்கள் நஷ்டம் கூலியில் வரவில்லை, நாளில் வந்திருக்கிறது. நான் தூத்துக்குடியில் சரக்கு அனுப்பிவைக்கும் பார்வர்டிங் ஆபீஸில் வேலை பார்த்த காலத்திலிருந்து திருப்பூர்ச் சரக்கின் பயணம் எனக்கு மனப்பாடம். லாரி இரவில் கிளம்பும், காலையில் சிஎஃப்எஸ் என்கிற கன்டெய்னர் சரக்கு நிலையத்துக்கு வந்து நிற்கும். சீல் வைத்த பெட்டி தூத்துக்குடியில் ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் ஏறும், கொழும்பில் இறங்கும், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். முன்பெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் ஐரோப்பாவில் வாங்குபவரின் கிடங்குக்குப் போய்விடும். 2024 ஆரம்பத்தில் அது ஒன்றரை மாதம் ஆனது. கொழும்பில் பெரிய கப்பலைப் பிடிக்க முடியாமல் போனால் அதற்கும் மேல்.

எஃப்ஓபி என்றால் கப்பலில் ஏறியதும் உங்கள் பொறுப்பு முடிந்தது. சரி. பணம் எப்போது வருகிறது? ‘சரக்கு கைக்கு வந்து இத்தனை நாளில்’ என்று ஒப்புக்கொண்டிருந்தால், கடலில் கூடிய ஒவ்வொரு நாளும் உங்கள் தலையில். 40 லட்சம் ரூபாய் ஆர்டர் என்று வையுங்கள். 10 சதவீத வட்டியில் 14 நாளுக்கு சுமார் 15,000 ரூபாய். இதைப் பார்த்துவிட்டு ‘அவ்வளவுதானா’ என்று ஆடிட்டரிடம் கேட்டிருப்பீர்கள். அங்கேயே நிற்கக் கூடாது. அந்த 40 லட்சம் வந்தால்தான் அடுத்த ஆர்டருக்கு நூல் எடுக்க முடியும். நூல்காரருக்கு, நிட்டிங்குக்கு, சாயப்பட்டறைக்கு, காம்பாக்டிங்குக்கு எல்லாம் வரிசையாகப் பணம் கொடுக்க வேண்டும். பவர்டேபிளில் தைக்கிறவருக்கும் துணி மடிக்கிற கைமடிக்கும் சனிக்கிழமை சம்பளம் போட்டே ஆக வேண்டும். கப்பல் நன்னம்பிக்கை முனையில் இருக்கிறது என்று சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் வெளியே கைமாற்று வாங்குவீர்கள். பாங்க் வட்டிக்கும் கைமாற்று வட்டிக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது சீசன். ஐரோப்பிய வசந்தகால, கோடைகாலச் சரக்கு கப்பல் ஏறுகிற நேரமே டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. செங்கடல் அடைபட்டது சரியாக அந்த நேரத்தில். தாமதமாக வந்த டி-ஷர்ட்டைக் கடைக்காரர் தள்ளுபடியில்தான் விற்பார், அந்தத் தள்ளுபடியில் ஒரு பங்கை உங்களிடம் கேட்பார். 3 சதவீதம் கேட்டால் 1,20,000 ரூபாய். உங்கள் லாபமே 5 சதவீதம் என்றால் பாதிக்கு மேல் போய்விட்டது. இல்லையென்றால் விமானத்தில் அனுப்பச் சொல்வார். துபாய் வரை கப்பலில் கொண்டுபோய் அங்கிருந்து விமானம் ஏற்றும் முறை அப்போது சூடு பிடித்ததும் இதனால்தான். அந்தச் செலவில் யார் எவ்வளவு என்பது பேரம். பேரத்தில் சின்ன யூனிட் ஜெயித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்சூரன்ஸ் கேட்கலாமே என்பீர்கள். வழக்கமான சரக்குக் காப்பீட்டு விதிகளில் தாமதத்தால் வரும் நஷ்டம் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறது. தாமதத்துக்குக் காரணமான ஆபத்துக்குக் காப்பீடு இருந்தாலும், தாமதத்துக்குக் கிடையாது. சரக்கு எரிந்தால் பணம் வரும், சும்மா ஆப்பிரிக்காவைச் சுற்றி வந்தால் வராது.

ஒன்று செய்யுங்கள். அடுத்த ஒப்பந்தத்தில் பணம் வர வேண்டிய நாளை, சரக்கு போய்ச் சேரும் தேதியிலிருந்து எண்ணாமல் பில் ஆஃப் லேடிங் (சரக்கு ஏறியதற்குக் கப்பல் கம்பெனி தரும் ரசீது) தேதியிலிருந்து எண்ணும்படி கேளுங்கள். உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து கேட்டால் ஒரு வாரமாவது இறங்கி வருவார்கள்.

கேள்வி: பொருளாதாரம் படிக்கிறேன். இந்த அடைப்பால் அதிகம் அடிபட்ட நாடு எது? சண்டை போடாத நாடாக இருக்க வேண்டும். (ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: எகிப்து. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் இதில் பாடம் நிறைய இருக்கிறது.

2023-ல் 26,000-க்கும் அதிகமான கப்பல்கள் சூயஸைக் கடந்தன. எகிப்துக்கு 1,025 கோடி டாலர் வருமானம், அதுவரை இல்லாத உச்சம். 2024-ல் கடந்தவை 13,213 கப்பல்கள், வருமானம் சுமார் 400 கோடி டாலர். எகிப்தின் மேல் யாரும் போர் தொடுக்கவில்லை. கால்வாயில் மண் சரியவில்லை. கப்பலுக்கு வழிகாட்டும் பைலட்டுகள் வேலைக்கு வந்தார்கள், இழுவைப் படகுகள் தயாராக நின்றன. இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வாசலில் நடந்த சண்டையில் ஒரு வருடத்துக்கு 600 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது.

அந்தப் பணம் டாலராக வந்த பணம் என்பதைக் கவனி அம்மா. எகிப்துக்கு டாலர் வருகிற வழிகள் சில: வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்புவது, சுற்றுலா, ஏற்றுமதி, கால்வாய். உக்ரைன் போர் ஆரம்பித்த 2022-லிருந்தே அங்கே அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு, கடன் சுமை எல்லாம் இருந்தன. அதனால் எல்லாப் பழியையும் கால்வாயின் மேல் போட முடியாது. ஆனால் ஏற்கெனவே மூச்சு வாங்குகிறவனுக்கு ஒரு குழாயை அடைத்த மாதிரி ஆனது இது. 2024 மார்ச் 6-ம் தேதி எகிப்து தன் நாணயத்தைச் சந்தை போக்கில் விட்டது. ஒரு டாலருக்கு 31 பவுண்டு அளவில் இருந்தது ஒரே நாளில் 50-ஐத் தொட்டது. சர்வதேச நாணய நிதியமான ஐஎம்எஃப்பின் கடன் 300 கோடி டாலரிலிருந்து 800 கோடியாக உயர்த்தப்பட்டது. ஜூன் 1-ம் தேதி மானிய விலை ரொட்டி 5 பியாஸ்டரிலிருந்து 20 பியாஸ்டர் ஆனது (நூறு பியாஸ்டர் ஒரு பவுண்டு). முப்பது வருடத்துக்கு மேலாகத் தொடாத விலை அது. ஏழு கோடிப் பேர் அளவுக்கு அந்த ரொட்டியை நம்பி இருக்கிறார்கள். எகிப்தின் தெருவில் ரொட்டி என்பது நம் ரேஷன் அரிசி மாதிரி அரசியல். அதில் கை வைக்க எந்த அரசாங்கமும் நடுங்கும்.

இதில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று உண்டு. உலகிலேயே அதிகம் கோதுமை இறக்குமதி செய்யும் நாடுகளில் எகிப்து ஒன்று. அந்தக் கோதுமையில் பெரும்பங்கு ரஷ்யாவிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் கருங்கடல் வழியாக வருகிறது. அதாவது துருக்கியின் பாஸ்பரஸ் ஜலசந்தியைத் தாண்டி மத்தியதரைக் கடலில் இறங்கி அலெக்சாண்ட்ரியா வந்துவிடும். செங்கடல் பக்கமே வராது. அந்தக் கப்பலை எந்த ஹூதியும் மறிக்கவில்லை. கோதுமை ஒழுங்காக வந்து நின்றது, அதற்குக் கொடுக்க வேண்டிய டாலர்தான் குறைந்துவிட்டது. ‘எந்த நாட்டுச் சரக்கு அந்த வழியே போகிறதோ அந்த நாடுதான் பாதிக்கப்படும்’ என்று பாடப்புத்தகத்தில் போட்டிருந்தால், பக்கத்தில் எகிப்து என்று எழுதி வை.

நாட்டுக் கணக்கை விடு. சூயஸைக் கடக்கிற ஒவ்வொரு கப்பலிலும் எகிப்தியப் படகுக்காரர்கள் தங்கள் சின்னப் படகோடு ஏறிக்கொள்வார்கள். கப்பலைக் கரையில் கட்ட வேண்டி வந்தால் கயிறு கொண்டுபோவது அவர்கள் வேலை. கால்வாய் விளக்கைப் பார்த்துக்கொள்ள ஒரு எலக்ட்ரீசியனும் வருவார். வேலை இல்லாத நேரத்தில் மேல்தளத்தில் துண்டு விரித்து பப்பிரஸ் படம், சாவிக்கொத்து, டி-ஷர்ட் விற்பார்கள். நம் ஊர் மாலுமிகள் வீட்டில் அலமாரியில் இருக்கிற குட்டிப் பிரமிடு பாதி அங்கே வாங்கியதுதான். கப்பல் பாதியாகக் குறைந்தால் அந்த மனிதருக்கு நடை பாதி. போர்ட் சயீது, இஸ்மாயிலியா, சூயஸ் மூன்று ஊரிலும் சமையல் சாமான் சப்ளை செய்பவர், ஏஜென்சி குமாஸ்தா, லாஞ்ச் ஓட்டுபவர் என்று இப்படி எத்தனையோ குடும்பங்கள்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமென்றால் யேமனில் இருக்கிற ஏடனைப் படி. 1950-களில் உலகின் நெரிசலான துறைமுகங்களில் அது ஒன்று. போகிற வருகிற கப்பல்கள் எரிபொருள் போட்டுக்கொள்ளும் ஊர். 1967 ஜூன் போரில் சூயஸ் மூடியது, 1975 ஜூன் 5 வரை எட்டு வருடம் திறக்கவில்லை. 14 கப்பல்கள் கால்வாய்க்குள்ளேயே கிரேட் பிட்டர் ஏரியில் அத்தனை வருடமும் மாட்டிக் கிடந்தன. ஏடனுக்குக் கப்பலே வரவில்லை. அதே 1967 நவம்பரில் பிரிட்டிஷாரும் வெளியேறினார்கள். கால்வாய் மறுபடி திறந்தபோது ஏடன் பழைய ஏடனாக எழுந்திருக்கவே இல்லை. அந்த எட்டு வருடத்தில் பம்பாய்–லண்டன் கடல் தூரம் சுமார் 6,200 மைலிலிருந்து 10,700 ஆனது. ஜேம்ஸ் ஃபைரர் என்ற பொருளியலாளர் இந்த அடைப்பை ஒரு பரிசோதனை போல எடுத்து ஆராய்ந்திருக்கிறார். தூரம் கூடிய நாடுகளின் வணிகம் குறைந்தது, வணிகம் குறைந்த நாடுகளில் வருமானமும் குறைந்தது. நீ ப்ராஜெக்ட் செய்யப் போகிறாய் என்றால் அங்கிருந்து ஆரம்பி.

கேள்வி: எல்லோரும் நட்டம் என்கிறார்கள். எங்கள் கொழும்புத் துறைமுகத்திற்கு இதனால் இலாபம்தானே கிடைத்தது? (ஒரு வாசகர், கொழும்பு)

பதில்: துறைமுகத்துக்குக் கிடைத்தது, மறுக்கவில்லை. அட்டவணை குலைந்த கப்பல்கள் சரக்கை நடுவழியில் இறக்கி வேறு கப்பலுக்கு மாற்ற இடம் தேடின. 2024-ல் கொழும்பில் டிரான்ஷிப்மென்ட் கூடியது. ஆனால் உங்கள் தேயிலையைப் பாருங்கள் ஐயா. ரஷ்யா, துருக்கி, லிபியா எல்லாம் இலங்கைத் தேயிலைக்கு நல்ல வாடிக்கையாளர்கள். கொழும்பிலிருந்து துருக்கியின் மெர்சினுக்கு சூயஸ் வழி நேர்வழி. அது இல்லையென்றால் ஆப்பிரிக்காவை முழுதாகச் சுற்றி, ஜிப்ரால்டரில் நுழைந்து, மத்தியதரைக் கடலை மேற்கிலிருந்து கிழக்காகக் கடக்க வேண்டும். கிரேன் வைத்திருப்பவர் சம்பாதித்தார், கொழுந்து பறிக்கிறவரின் சரக்கு சுற்றி அலைந்தது. இரண்டும் ஒரே நாட்டில்தான்.

கூட்டம் வந்தால் எல்லா ஊரும் பிழைத்துக்கொள்ளும் என்றும் இல்லை. 2024 மே, ஜூனில் சிங்கப்பூரிலேயே சில கப்பல்கள் ஒரு வாரம் வரை வெளியே காத்துக் கிடந்தன. மூடி வைத்திருந்த கெப்பல் முனையத்தின் பழைய தளங்களை மறுபடி திறக்க வேண்டி வந்தது. தென்னாப்பிரிக்காவின் வாசலில்தான் உலகமே போனது. ஆனால் டர்பன் துறைமுகம் அதற்கு முன்பிருந்தே நெரிசலில் திணறிக்கொண்டிருந்ததால், பல கப்பல்கள் எரிபொருளுக்கு மொரீஷியஸின் போர்ட் லூயிக்கும் நமீபியாவின் வால்விஸ் பே பக்கமும் ஒதுங்கின.

கேள்வி: நான் கடல்காரன் மகன். அந்த யேமன் கரையிலும் மீனவர்கள் இருப்பார்களே, அவர்களைப் பற்றி யாருமே பேசவில்லை. (ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: இந்தக் கேள்வி வந்ததற்காகவே இந்த இதழ் எழுதினேன் தம்பி.

ஹொதெய்தா, கோகா, மோக்கா என்று யேமனின் செங்கடல் கரை முழுக்க மீன்பிடி ஊர்கள். நம்மிடம் இருப்பது போன்ற சின்ன ஃபைபர் படகு, ஒரு அவுட்போர்டு மோட்டார், ஐஸ் பெட்டி. வருடக்கணக்காக நடக்கிற உள்நாட்டுப் போரில் கடலில் மிதக்க விட்ட கண்ணிவெடிகள் ஏற்கெனவே பலரைக் கொன்றிருக்கின்றன. அதற்கு மேல் இது. போர்க்கப்பல்கள் சின்னப் படகைப் பார்த்தாலே சந்தேகப்படுகிற கடலில், விடியற்காலையில் வலை போடப் போகிறவன் நிலைமையை உனக்கு நான் விளக்க வேண்டாம். எல்லை தாண்டியதாகச் சுடப்படுவதும் பிடிக்கப்படுவதும் என்னவென்று உங்கள் ஊருக்குத் தெரியும்.

2024 பிப்ரவரி 18-ம் தேதி ‘ரூபிமார்’ என்ற சரக்குக் கப்பல் அடிபட்டது. வயிற்றில் சுமார் 21,000 டன் உரம். நங்கூரம் போட்டுவிட்டு ஆட்கள் தப்பினார்கள். அது மெல்ல இழுபட்டுக்கொண்டே போய் மார்ச் 2-ல் மூழ்கியது. மீனும் பவளமும் நிறைந்த கடலில் அத்தனை உரம் கரைந்தால் என்ன ஆகும் என்ற பயம் அந்தக் கரை முழுக்க இருந்தது. சும்மா சண்டையால் போக முடியாத கடலுக்கு, நாளைக்குப் போனாலும் மீன் இருக்குமா என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

யேமன் சாப்பிடும் கோதுமையில் மிகப் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. அந்தக் கடலுக்குள் வரத் துணிகிற கப்பலின் போர்க்கால இன்சூரன்ஸ், கப்பல் மதிப்பில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இருந்தது, 0.7-லிருந்து 1 சதவீதம் வரை போனது. 5 கோடி டாலர் கப்பலுக்கு ஒரு நடைக்கு 5 லட்சம் டாலர்! அது எல்லாம் கடைசியில் மாவு மூட்டை விலையில்தான் ஏறும். எதிர்க்கரையில் சூடான். 2023 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் போர், பசி. போர்ட் சூடானுக்கு ஆசியாவிலிருந்து வர வேண்டிய நிவாரணப் பொருள்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றி, சூயஸ் வழியாக வடக்கிலிருந்து இறங்கி வர வேண்டியதாயிற்று. பசிக்கிற குழந்தைக்கு வர வேண்டிய சத்துமாவு இப்படி அலைந்ததை நினைத்தால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. எந்தக் கட்சியின் போர் நியாயமும் அதைச் சரிசெய்யாது.

கேள்வி: கப்பலில் ஆடுகள் மாட்டிக்கொண்ட செய்தி உண்மையா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: உண்மை. 2024 ஜனவரி 5-ல் ‘பஹிஜா’ என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டிலிலிருந்து 14,000 ஆடுகளும் 2,000 மாடுகளும் ஏற்றிக்கொண்டு இஸ்ரேலுக்குக் கிளம்பியது. செங்கடல் ஆபத்து என்று நடுவழியில் விலகியது, ஆஸ்திரேலிய அரசு திரும்பி வரச் சொன்னது. தென்கோளத்தின் கோடை வெயிலில் அந்த உயிர்கள் வாரக்கணக்கில் கப்பலிலேயே கிடந்தன. காத்திருக்க முடியாத சரக்கு எல்லாவற்றுக்கும் இதே பாடுதான். நாசிக் திராட்சை ஐரோப்பாவுக்குப் போகிற பருவமும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. குளிர்பெட்டியில் இரண்டு வாரம் கூடுதலாக இருந்த திராட்சையின் காம்பு பழுப்பேறிவிடும், காம்பைப் பார்த்துத்தான் விலை போடுவார்கள். கென்யாவின் அவகாடோ விவசாயிகளும் இதே போல அவதிப்பட்டார்கள்.

கேள்வி: பணக்கார ஐரோப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லையா? (ஒரு வாசகர், கோவை)

பதில்: ஆனது, தாங்கிக்கொண்டார்கள். பெர்லின் அருகே உள்ள டெஸ்லா ஆலை 2024 ஜனவரி 29 முதல் பிப்ரவரி 11 வரை பெரும்பாலான உற்பத்தியை நிறுத்தியது, உதிரிபாகம் வரவில்லை. பெல்ஜியத்தில் வால்வோ மூன்று நாள், கியர்பாக்ஸ் வரவில்லை. ஹங்கேரியில் சுசுகி ஒரு வாரம், ஜப்பானிலிருந்து என்ஜின் வரவில்லை. கிடங்கில் ஸ்டாக் வைக்காமல் அன்றன்றைக்கு வருவதை அன்றன்றைக்குப் பொருத்துகிற முறைக்குக் கொடுத்த விலை இது.

கேள்வி: இன்டர்நெட் மெதுவானதற்கும் செங்கடலுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: உண்டு. ஆசியா–ஐரோப்பா கடலடிக் கேபிள்கள் பல அந்த வழியேதான் போகின்றன. மேலே சொன்ன ரூபிமாரின் நங்கூரம் இழுபட்டதில் 2024 பிப்ரவரியில் மூன்று கேபிள் அறுந்ததாகக் கருதப்படுகிறது. போர்க் கடலில் பழுதுபார்க்கும் கப்பலுக்கு அனுமதி வாங்கவே மாதங்கள் ஆயின. 2025 செப்டம்பரில் ஜெத்தா அருகே மறுபடி கேபிள் அறுந்து இந்தியா, பாகிஸ்தான் வரை வேகம் குறைந்தது.

கேள்வி: போர் வந்தால்தான் இப்படி ஆகுமா? (ஒரு பள்ளி மாணவன், திண்டுக்கல்)

பதில்: மழை பொய்த்தாலும் ஆகும். பனாமா கால்வாய் நன்னீரில் ஓடுகிறது, ஒரு கப்பல் கடக்க சுமார் 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணீர் வேண்டும். 2023 வறட்சியில் காட்டுன் ஏரி வற்றியதால் நாளுக்கு 36 கப்பல் போன இடத்தில் 22-ஆகக் குறைத்தார்கள். வரிசையைத் தாண்டிப் போக ஒரு கம்பெனி ஏலத்தில் 40 லட்சம் டாலர் வரை கொடுத்தது. அந்தக் கால்வாய்ப் பகுதி ஏரிகளில்தான் பனாமா நகரத்துக்குக் குடிநீரும்.

கேள்வி: என் மகன் கப்பலில் டெக் கேடட்டாக, அதாவது பயிற்சி அதிகாரியாகச் சேரப் போகிறான். ஏஜென்ட் சொன்ன கப்பல் செங்கடல் வழியாகப் போகும் என்கிறார்கள். போக மாட்டேன் என்று சொன்னால் வேலை போய்விடுமா? பயமாக இருக்கிறது. (ஒரு தாய், தூத்துக்குடி)

பதில்: பயப்படுவது நியாயம் அம்மா. 2024 மார்ச் 6-ல் ‘ட்ரூ கான்ஃபிடென்ஸ்’ கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று மாலுமிகள் இறந்தார்கள். இரண்டு பேர் பிலிப்பைன்ஸ், ஒருவர் வியட்நாம். மிச்சம் இருந்தவர்களை நம் கடற்படையின் ஐஎன்எஸ் கொல்கத்தா போய் மீட்டது. ‘கேலக்ஸி லீடர்’ மாலுமிகள் 25 பேரும் 2025 ஜனவரியில்தான் விடுதலை ஆனார்கள், பதினான்கு மாதம் கழித்து. உலகத்துக்குச் சரக்கு போய்ச் சேர உயிரைக் கொடுப்பவர்கள் மணிலாவிலும் மும்பையிலும் தூத்துக்குடியிலும் பிறந்த பிள்ளைகள்தான். கப்பல் முதலாளி வீட்டிலிருந்து யாரும் அந்த மேல்தளத்தில் நிற்பதில்லை.

மகனின் கப்பல் சர்வதேசத் தொழிற்சங்கமான ஐடிஎஃப்பும் முதலாளிகள் தரப்பும் சேர்ந்து போட்ட ஐபிஎஃப் ஒப்பந்தத்தில் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். வந்தால், போர்ப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கடலுக்குள் போக மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு. கம்பெனி தன் செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளம் நஷ்டஈடாகத் தர வேண்டும். போக ஒப்புக்கொண்டால் அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான போனஸ் உண்டு, குறைந்தது ஐந்து நாளுக்கு. அசம்பாவிதம் நடந்தால் இழப்பீடு இரண்டு மடங்கு. எந்தக் கடல் எந்த நாளில் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் கையெழுத்துப் போடும் நாளில் சங்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஒப்பந்தத்தில் வராத கப்பல் என்றால் இந்த உரிமைகளைக் கேட்டு வாங்குவது மிகக் கஷ்டம். கேடட் பையன் தனியாளாக கேப்டன் முன்னால் நின்று மாட்டேன் என்று சொல்வது எப்படிப்பட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே கப்பல் ஏறும் முன்பே எழுத்தில் கேளுங்கள்.

ஏஜென்டிடம் ஆர்பிஎஸ்எல் எண் (மாலுமிகளை வேலைக்கு அனுப்பும் லைசென்ஸ் எண்) கேளுங்கள். மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகமான டிஜி ஷிப்பிங் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள், லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். எண் இல்லை, அல்லது காலாவதி ஆகிவிட்டது என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மகனின் பாஸ்போர்ட்டையும், சிடிசி என்கிற மாலுமிப் புத்தகத்தையும் அவரிடம் கொடுத்து வைத்திருந்தால் நாளைக் காலையில் முதல் வேலையாகப் போய் வாங்கி வந்துவிடுங்கள்.